டிசம்பர் கடைசியில் ஐரோப்பா: தேதி பார்த்து ஊர் குறியுங்கள்

டிசம்பர் லீவில் ஐரோப்பா போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "24, 25, 26 மூணு நாளும் எந்த ஊர்ல இருக்கப் போறீங்க?" என்பதைத்தான். பாரிஸ், சுவிஸ், வியன்னா என்று ஊர்ப் பெயர்கள் வரும். தேதி வராது. நானும் வீட்டுக்காரரும் சேலத்திலிருந்து கிளம்பியபோது எங்களுக்கும் இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நம் ஊரில் கிறிஸ்துமஸ் அன்று நான்கு ரோட்டில் கடை, ஓட்டல் எல்லாம் எப்போதும்போல் நடக்கும். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் அதுதான் வருஷத்திலேயே ஊர் அடங்கிக் கிடக்கும் நாள். இதோடு பனியும் தனித்தனி டிக்கெட்டும் சேர்ந்துகொண்டு எங்களுக்கு ₹55,000-க்கு மேல் கைவிட்டுப் போனது. பணத்தை விடுங்கள், கடல் கடந்து போய் ஒரு ராத்திரி முழுக்க "ஏன் வந்தோம்" என்று உட்கார்ந்திருந்தது இன்னும் வலிக்கிறது. அடுத்துப் போகிறவர்களுக்கு அது வரக்கூடாது.

விசாவிலிருந்து தொடங்குகிறேன். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஒரே விசாதான் ஷெங்கன் விசா. அதற்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னாலாவது கொடுத்திருக்க வேண்டும். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கும். டிசம்பர் பயணத்துக்கு ஜூலையிலேயே அப்பாயின்ட்மென்ட் பிடித்துவிடுங்கள். ஆயுத பூஜை முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்று தள்ளினால் நவம்பரில் இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் காலெடுத்து வைக்கும் நாட்டுக்கு. நமக்குக் கிட்டத்தில் விண்ணப்ப மையம் சென்னை அல்லது பெங்களூரு. கட்டணம் 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நிராகரித்தாலும் அது திரும்பி வராது. முன்பே போய் வந்தவர்கள் என்றால் விரல்ரேகை 59 மாதம் வரை செல்லும். பாஸ்போர்ட் 10 வருஷத்துக்குள் வாங்கியதாகவும், திரும்பி வரும் தேதிக்கு அப்புறம் 3 மாதம் செல்லுபடியாகக் கூடியதாகவும், 2 பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோ மனைவி பெயரோ இல்லையென்றால் கல்யாணப் பதிவுச் சான்றிதழைக் கட்டாயம் வையுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அத்தனைக்கும் சேர்த்து இருக்க வேண்டும். அந்தப் பாலிசியின் மற்ற பக்கங்களையும் படியுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் சங்கடம் முளைத்தது விமான டிக்கெட்டில். நம்பி வாங்கிய இடத்தில், பெங்களூருவிலிருந்து பிராங்க்பர்ட் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வியன்னாவுக்கு வேறொரு மலிவு விமானத்தில் தனி டிக்கெட் என்று போட்டுக் கொடுத்தார்கள். இடையில் 3 மணி நேரம். காகிதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டும் வேறு வேறு பிஎன்ஆர் என்றால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு நம்மைப் பற்றி எந்தப் பொறுப்பும் கிடையாது. பெட்டியும் நேராகப் போகாது. இறங்கி, இமிகிரேஷன் வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, டெர்மினல் மாறி, மறுபடியும் செக்-இன் போட வேண்டும். அந்த கவுன்டரையும் விமானம் கிளம்ப 40 நிமிஷமோ 1 மணி நேரமோ இருக்கும்போதே மூடிவிடுவார்கள். 2025 அக்டோபரிலிருந்து முதல் நுழைவில் விரல்ரேகை, முகப்படம் எடுத்துப் பதிவு செய்யும் முறையும் வந்துவிட்டதால் அந்த வரிசைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே பிஎன்ஆரில் கடைசி ஊர் வரை வாங்குங்கள், ₹10,000 அதிகம் என்றாலும் பரவாயில்லை. வேறு வழியே இல்லை, தனித்தனியாகத்தான் கிடைக்கிறது என்றால் நடுவில் ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் விமானத்தைப் பிடியுங்கள்.

சேலத்திலிருந்து பெங்களூரு விமான நிலையம் போவதும் சின்ன வேலையில்லை. அது ஊருக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில் இருக்கிறது. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். அதைத் தாண்டினால் ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை நெரிசல். விமான நேரத்துக்கு 10 மணி நேரம் முன்பு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். விடிகாலை விமானம் என்றால் முந்தின நாளே போய்த் தங்குவது நிம்மதி.

நாங்கள் போன அன்று, 24-ஆம் தேதி, பிராங்க்பர்ட்டில் பனி. ஓடுபாதையைச் சுத்தம் செய்யும்வரை விமானங்கள் மேலேயே சுற்றும். கிளம்புகிற விமானங்களின் இறக்கையில் படிந்த பனியைச் சூடான திரவம் பீய்ச்சிக் கரைக்க வேண்டும், அதற்கும் வரிசை. நாங்கள் பெட்டியை எடுத்து வெளியே வருவதற்குள் வியன்னா விமானத்துக்கு கவுன்டர் மூடிவிட்டது. இருவர் டிக்கெட்டும் பெட்டிக் கட்டணமும் அப்படியே போயின. அடுத்த விமானத்தில் இடம் மறுநாள்தான். அந்த விமான நிலையத்தை ஒட்டியே தொலைதூர ரயில் நிலையம் இருப்பதால் வியன்னாவுக்கு ரயில் பிடித்தோம், ஆறரை ஏழு மணி நேரப் பயணம். அன்றைக்கு அன்றே வாங்குவதால் முழு விலை, இரண்டு பேருக்கும் 300 யூரோவுக்கு மேல். 24 சாயங்காலத்துக்குப் பிறகு ஜெர்மனியில் தொலைதூர ரயில்கள் குறைந்துவிடும். இன்னும் இரண்டு மணி நேரம் யோசித்துக்கொண்டு நின்றிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

இந்த இடத்தில் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும், அங்கே வந்திறங்கும் ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கும் 261/2004 என்ற விதி பொருந்தும். விமானம் ரத்தாகி, தவறு நிறுவனத்துடையது என்றால் தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ இழப்பீடு. பனி, புயல் என்றால் அந்த இழப்பீடு கிடையாது. ஆனால் சாப்பாடு, இரவு தங்க ஓட்டல், ஓட்டலுக்குப் போய்வர வண்டி, அதோடு பணமாகவோ மாற்று விமானமாகவோ நம் விருப்பம், இவை பனிக்காலத்திலும் உண்டு. கவுன்டரில் கூட்டமாக இருந்து அவர்கள் ஏற்பாடு செய்ய முடியாவிட்டால், நியாயமான விலையில் நாமே எடுத்துக்கொண்டு ரசீதை வைத்துக் கேட்கலாம். "வானிலை, ஒன்றும் செய்ய முடியாது" என்று சொன்னவுடன் திரும்பி நடந்துவிடாதீர்கள்.

வியன்னாவில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. "ஏங்க, ஒரு டீயாவது கிடைக்குமா பாருங்க" என்றேன். தெரு முழுக்க விளக்கு எரிகிறது, ஒரு கடை கூடத் திறந்திருக்கவில்லை. 24 மதியத்தோடு சூப்பர் மார்க்கெட் மூடிவிடும். 25, 26 இரண்டு நாளும் அரசு விடுமுறை. நடுவில் ஞாயிறு சேர்ந்தால் அன்றும் கடை கிடையாது. அன்றிரவு பெட்டியிலிருந்த தட்டுவடையும் முறுக்கும்தான் சாப்பாடு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடிந்தபிறகுதான் புரிந்தது, பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகளுக்கு விலக்கு உண்டு என்று. வியன்னாவில் ஹவுப்ட்பான்ஹோஃப் என்கிற மத்திய ரயில் நிலையம், பிராட்டர்ஸ்டெர்ன் ஆகிய நிலையங்களில் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகள் விடுமுறையிலும் திறக்கும், கூட்டம் மட்டும் அதிகம். துருக்கியர் கடைகளும் இந்திய ஓட்டல்களும் பல இடங்களில் உண்டு. ஆனால் இவற்றை நம்பிப் போகாமல், இந்த மூன்று நாளுக்கும் சமையலறை வைத்த அறையாக எடுத்து, 23 சாயங்காலமே அரிசி, தயிர், காய்கறி, டின்னில் வரும் கொண்டைக்கடலை வாங்கி வைத்துவிட்டால் கவலையே இல்லை. குடிதண்ணீர் வாங்க வேண்டாம், வியன்னாவில் குழாயில் வருவதே மலை ஊற்றுத் தண்ணீர்.

சின்ன ஓட்டல்களில் 24 மாலை வரவேற்பில் ஆள் இருக்க மாட்டார்கள். சாவிப் பெட்டியின் எண்ணை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தாமதமானால் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையென்றால் வரவில்லை என்று கணக்கு வைத்து அறையை விட்டுவிடுவார்கள்.

ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம் என்பதில் ஒரு கண்டிப்பு உண்டு. இறைச்சியும் பால் பொருளும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் வரும்; தயிரில் ஊறவைத்த மோர்மிளகாயையும் எடுக்காதீர்கள். கறிவேப்பிலை, பழங்கள், காய்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை போன்ற ஒருசிலவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, தட்டுவடை, ஜவ்வரிசி வடாம், ஏற்காட்டுக் காப்பித்தூள் இவையெல்லாம் தாராளமாக எடுக்கலாம். ஊறுகாய், எண்ணெய் பெரிய பெட்டியில். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். அங்கே பல ஓட்டல் அறைகளில் கெட்டில் இருக்காது, சின்னதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நம்மைப்போல் 230 வோல்ட்தான், பின் வடிவம் மட்டும் வேறு. ஜெர்மனி, ஆஸ்திரியாவின் பெரிய உருண்டை பிளக் சுவிட்சர்லாந்தின் அறுகோணக் குழியில் நுழையாது. மெல்லிய இரண்டு பின் உள்ள அடாப்டர்தான் இரண்டு இடத்திலும் பொருந்தும்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் ஏற்காட்டை வைத்து அளக்கிறார்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே டிசம்பர் ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டரும் குல்லாவும் போதும். வியன்னாவில் பகலிலேயே பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், காற்று அடித்தால் இன்னும் கீழே இருப்பதுபோல் தெரியும். தடித்த ஸ்வெட்டர் இரண்டு போடுவதால் பயனில்லை, காற்று ஊடுருவிப் போய்விடும். உடம்பை ஒட்டி தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத, இடுப்புக்குக் கீழ் வரும் ஜாக்கெட். தெர்மல் கம்பளியோ பாலியெஸ்டரோ இருக்கட்டும், பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நின்றவுடன் உடம்பு சில்லிட்டுவிடும். கடை, ரயில், அறை எல்லாவற்றிலும் ஹீட்டர் உண்டு என்பதால் சட்டென்று கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். ஆளுக்கு 2 ஜோடி தெர்மல், 4 ஜோடி கம்பளி சாக்ஸ் போதும். சுடிதாருக்கு உள்ளே தெர்மல் நன்றாகப் பொருந்தும். புடவை கட்டுகிறவர்களுக்கு ஓரம் நனைந்து தொல்லை. ஷூ வாங்கும்போது கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். விரல் அசையாத அளவுக்கு இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் மரத்துப்போகும், எத்தனை சாக்ஸ் போட்டாலும் சூடு வராது. அடிப்பாகம் ரப்பர், ஆழமான வரி. தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும், உதட்டுக்கும் கைக்கும் வாஸ்லின் எடுங்கள். ஹீட்டர் காற்று தோலைக் காயவைத்துவிடும்.

தெருவில் பனி உருகி ராத்திரி மறுபடி உறைந்தால் கண்ணாடிபோல் மெல்லிய ஐஸ் படியும், கண்ணுக்குத் தெரியாது. குறுகிய அடியாக, பாதம் முழுக்கப் பதித்து நடக்க வேண்டும், கையைப் பாக்கெட்டில் வைக்காமல். வியன்னா, சால்ஸ்பர்க் வீதிகளில் சில கட்டடங்களின் சுவரில் நீளக் கட்டைகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள், சிறு பலகையும் தொங்கும். மேலே கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து விழும் என்று அர்த்தம். அந்தக் கட்டைக்குள் புகுந்து நடக்காமல் எதிர்ப்பக்கம் போங்கள்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வியன்னாவில் டிசம்பர் கடைசியில் காலை 7:45-க்குத்தான் சூரியன், மாலை 4 மணிக்கு இருட்டு. பாரிஸில் விடிய 8:45 ஆகும். நம் ஊர்க் கணக்கில் ஒரு நாளைக்கு ஐந்து இடம் என்று போட்டால் மூன்றை இருட்டில்தான் பார்ப்பீர்கள். பகலுக்கு ஒரே ஒரு வெளியிடம் போதும். அரண்மனை, மியூசியம், கிறிஸ்துமஸ் சந்தையெல்லாம் சாயங்காலத்துக்கு. சந்தைகளுக்கும் முடிவு தேதி உண்டு. ஜெர்மனியில் நியூரம்பர்க் கிறிஸ்துமஸ் சந்தை 24 அன்றே முடிந்துவிடும், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போனால் பலகையை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். வியன்னா நகர மண்டபச் சந்தை வழக்கமாக 26 வரை. செக் நாட்டின் பிராக் பழைய நகரச் சந்தைதான் ஜனவரி 6 வரை நீளும். ஆகவே ஜெர்மனியை முதலில், ஆஸ்திரியாவை நடுவில், செக்கை அப்புறம் என்று வைத்தால் எதுவும் தப்பாது. சந்தையில் சூடான பானம் வாங்கினால் கோப்பைக்கு 4, 5 யூரோ முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் தருவார்கள். மது வேண்டாதவர்கள் "கிண்டர்பூன்ஷ்" என்று கேட்டு வாங்குங்கள், பழச்சாறும் பட்டை கிராம்பும் போட்டது. சைவத்துக்குச் சுட்ட செஸ்ட்நட் நிச்சயம். துருவிய உருளைக்கிழங்கு அடையில் முட்டை இருக்கலாம், சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

25 அன்று பார்க்க ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். வியன்னாவின் ஷான்ப்ரூன் அரண்மனை அன்றும் திறந்திருக்கும். பாரிஸில் ஈஃபில் கோபுரமும் திறந்திருக்கும். அங்கேயே லூவர் மியூசியம் டிசம்பர் 25, ஜனவரி 1, அதோடு எல்லாச் செவ்வாயும் மூடல். ரோம் போகிறவர்கள் கவனிக்க: வாடிகன் மியூசியம் 25, 26, ஜனவரி 1, 6 கிடையாது. லண்டனுக்குத் தனி விசா. 25 அன்று அங்கே ரயிலும் மெட்ரோவும் அறவே ஓடாது.

ரயில் டிக்கெட்டில் ஒரு நுணுக்கம். ஐரோப்பா முழுக்க ரயில் அட்டவணை டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நள்ளிரவோடு மாறும். அதற்குப் பிந்தைய தேதிகளுக்கு முன்பதிவு தாமதமாகத்தான் திறக்கும், ஜெர்மனியில் பெரும்பாலும் அக்டோபரில். ஆகஸ்டில் தேடி டிக்கெட் இல்லை என்று பயப்படாமல், திறந்த வாரமே சலுகை விலையில் எடுங்கள். சலுகை டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான். அதனால் விமானத்திலிருந்து இறங்குகிற நாளில் மட்டும் சலுகை டிக்கெட் வேண்டாம். ரயில் 1 மணி நேரம் தாமதித்தால் 25 சதவீதம், 2 மணி நேரம் தாமதித்தால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். கடும் வானிலைக்கு விலக்கு உண்டு. சால்ஸ்பர்கிலிருந்து சூரிச் போகிற ரயிலைக் காலையில் பிடியுங்கள். ஆல்ப்ஸ் மலைக்குள் போகிற வழி, நான்கரை மணிக்கு மேல் ஜன்னலில் நம் முகம்தான் தெரியும்.

நகரங்களில் கிறிஸ்துமஸுக்குப் பனி விழும் என்று உத்தரவாதம் இல்லை. பனி பார்க்க வேண்டுமென்றால் மேலே ஏற வேண்டும், அதுவும் வானிலை பார்த்து. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையம் 3,454 மீட்டர், நம் ஏற்காட்டைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். மேகம் மூடினால் வெள்ளைச் சுவர்தான், பலத்த காற்றென்றால் கேபிள் கார் நின்றுவிடும். டிக்கெட்டை முன்கூட்டி வாங்காமல், காலையில் எழுந்து அவர்கள் தளத்தில் வரும் நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேலே இறங்கியதும் ஓடாதீர்கள். மூச்சு வாங்கும், தலை கனக்கும். அந்த நாட்டு ரயில், பஸ்ஸுக்கு நாள் கணக்கில் வாங்கும் சுவிஸ் டிராவல் பாஸ் யுங்ஃப்ராவ்யோக் வரை முழுதாகச் செல்லாது, தள்ளுபடி மட்டும். ரிகி மலைக்கு முழுதாகச் செல்லும். எங்களைக் கேட்டால் செலவைப் பார்க்கிற தம்பதிக்கு ரிகியே போதும், மனசு நிறைந்துவிடும். சூரிச்சிலிருந்து பாரிஸுக்கு டிஜிவி என்கிற அதிவேக ரயிலில் 4 மணி நேரம். பல நாட்டு ரயிலுக்கான யூரெயில் பாஸ் வைத்திருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், டிசம்பர் 30, 31-க்குச் சீக்கிரம் தீரும்.

பணம் செலுத்தும்போது கார்டு மெஷின் "ரூபாயா, யூரோவா" என்று கேட்கும். எப்போதும் யூரோவைத் தொடுங்கள், சுவிஸில் பிராங்க், செக்கில் கொருனா. ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதம், கணிசமாக நஷ்டம். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்துவிடுங்கள், ஓடிபி வர இந்திய சிம்முக்கு ரோமிங் போடுங்கள், இணையத்துக்கு இசிம் தனியாக. குளிரில் போன் பேட்டரி வேகமாக இறங்கும். உள் பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வையுங்கள். டிக்கெட், ஓட்டல் முகவரி, காப்பீட்டு எண்ணைத் தாளிலும் எழுதி இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு எங்கும் 112.

காப்பீட்டுக்கு வருகிறேன். ஊர் திரும்பி, தவறிப்போன வியன்னா விமானத்துக்குக் கேட்டோம். தனித்தனி பிஎன்ஆர் என்பதால் இணைப்பு விமானம் என்று கொள்ள முடியாது என மறுத்துவிட்டார்கள். பாலிசி வாங்கும் முன்பே மூன்று இடத்தைப் பாருங்கள்: இணைப்பு தவறுதல் என்றால் அவர்கள் எதைச் சொல்கிறார்கள், தாமதத்துக்கு எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு பணம், பனிச்சறுக்கு விபத்து சேருமா. விமானம் தாமதமானால் கவுன்டரிலேயே காரணம், நேரம் குறித்த கடிதம் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபிறகு அதை வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார்ச் சீட்டு போடுங்கள். உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்குக் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். அந்த நாள் தாண்டினால் எந்த ரசீதும் செல்லாது.